சாப்பிட்ட பிறகு சொல்லலாம்

எங்கள் தொழிற்சாலையில் கிறிஸ்மஸுக்கு ஆளுக்கொரு வான்கோழி கொடுப்பார்கள். கல்லாக உறைந்த பறவை, வலைப்பைக்குள் உருண்டையாக இருக்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஸ்காபரோவுக்கு வந்த மாலை இன்னும் நினைவிருக்கிறது. தடித்த கோட்டையும் தாண்டிக் குளிர் தொடையில் ஏறியது. எதிரே இருந்த பெண்ணின் மடியிலும் அதே பை. அவரும் எங்கள் தொழிற்சாலைதான், வேறு பிரிவு. இரண்டு பேரும் கைக்குழந்தைக்கு ஊசி போடப் போகிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் அண்ணனும் ஓர் உயரமான கட்டடத்தின் பதினோராம் மாடியில், ஒற்றை அறை அப்பார்ட்மென்றில் குடியிருந்தோம். அறை எனக்கு. அண்ணன் ஹோலில் சோபாவை விரித்துப் படுப்பார்; தலைமாட்டில் தொலைபேசி. அப்பா இறந்து மூன்று வருடமாகியிருந்தது. அம்மா யாழ்ப்பாணத்தில் அக்காவோடு இருந்தார். அங்கே தொலைபேசி கிடையாது. ஒரு சேதி வருவதென்றால், யாராவது எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து லண்டனிலோ மொன்றியலிலோ இருக்கும் சொந்தக்காரருக்குச் சொல்லி, அவர் எங்களுக்குச் சொல்ல வேண்டும். அதனால் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தால் இரண்டு பேரும் முதலில் ஊரைத்தான் நினைப்போம்.

ஊரில் அண்ணன் தனக்கென்று ஒரு தேத்தண்ணி போட்டு நான் பார்த்ததில்லை. இங்கே வந்து கோப்பை கழுவத் தொடங்கி, மெல்ல மெல்ல ஒரு சின்ன உணவகத்தின் அடுப்புக்கு ஏறிவிட்டார். காலையும் மத்தியானமும் மட்டும் திறக்கும் கடை அது. ஏறியதோடு வாயும் நீண்டுவிட்டது. வீட்டுக்கு வந்தால் என் கறியைக் கிண்டிப் பார்த்து, வெங்காயம் வதங்கவில்லை, நெருப்புக் கூடிவிட்டது என்பார். வெள்ளைக்காரனுக்கு முட்டை பொரித்துக் கொடுக்கிறவர் எனக்குக் கறி சொல்லித் தருகிறார் என்று நானும் விடமாட்டேன்.

கிறிஸ்மஸ் அன்று அந்த வான்கோழியைச் சமைத்தது நான்தான். எங்களுக்குக் கிறிஸ்மஸ் இல்லை. ஆனால் பறவை வந்துவிட்டது, லீவும் வந்துவிட்டது. மிளகாய்த்தூளும் தயிரும் பூசி ஓவனுக்குள் தள்ளினேன். கட்டடத்தில் இருந்த இரண்டு தமிழ்க் குடும்பங்களைக் கூப்பிட்டோம். வெளித்தோல் கருகியது, நெஞ்சு இறைச்சி தேங்காய்த் தும்பு மாதிரி வந்தது. வந்தவர்கள் மரியாதைக்கு ஆளுக்கொரு துண்டு கிள்ளிப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வைத்திருந்த ஆட்டுக்கறியை வழித்து முடித்தார்கள். பறவையில் முக்கால்வாசி அப்படியே மிஞ்சியது.

"இதை நாய்க்கும் போடேலாது" என்றேன்.

"உது சமைச்ச பிழை. இறைச்சியிலை பிழை இல்லை" என்றார் அண்ணன். "நாளைக்கு வேலையாலை வந்து நான் ஹொட் ரேர்க்கி சான்ட்விச் செய்து தாறன். எங்கடை கடையிலை கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் அதுக்குத்தான் சனம் லைன்லை நிக்கும். நீ திண்டு பார்த்திட்டுக் கதை."

ரேர்க்கி என்றால் வான்கோழி. சான்ட்விச் என்றால் இரண்டு பாணுக்கு நடுவில் வைப்பதுதான் எனக்குத் தெரியும். இது அப்படியில்லையாம். ஒரு பாண் துண்டைத் தட்டில் போட்டு, மேலே சூடான இறைச்சியை அடுக்கி, எல்லாம் மூழ்கக் கிறேவி ஊற்றுவதாம். மேலே மூடப் பாண் கிடையாது. கத்தியாலும் முள்ளுக்கரண்டியாலும் வெட்டிச் சாப்பிட வேண்டுமாம். இரவு படுக்கும் வரை அதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க எனக்கும் ஆசை வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் எனக்கு லீவு. ஒன்பதரைக்கு எழும்பினேன். அண்ணன் விடியவே வேலைக்குப் போயிருந்தார். இரண்டு விஷயங்கள் எனக்கு எரிச்சல் மூட்டின. ஒன்று, சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்த தடயம் இல்லை. ஒரு நாளும் விளக்கு வைக்காமல் வெளிக்கிடாத ஆள். பிந்தி எழும்பி ஓடியிருக்கிறார் என்று நினைத்தேன். மற்றது தொலைபேசி. கூட வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி பத்து மணிக்கு எடுத்துக் கதைப்பதாகச் சொல்லியிருந்தாள். பத்தேகாலாகியும் மணி அடிக்கவில்லை. எடுத்துப் பார்த்தால், பக்கவாட்டில் இருக்கும் மணியின் விசை அணைத்துக் கிடந்தது. தான் நித்திரை கொள்வதற்காக அணைத்துவிட்டு அப்படியே போய்விட்டார் என்று வைதுகொண்டே விசையைத் திருப்பிவிட்டேன்.

பதினொரு மணிக்கு அடித்தது. மொன்றியலில் இருந்து ஒன்றுவிட்ட அக்கா.

"சாப்பிட்டியோ பிள்ளை?" என்றா முதலில்.

ஓம், பாண் சாப்பிட்டேன் என்றேன். அழத் தொடங்கினா. அம்மா போய்விட்டாவாம். காய்ச்சலாம், மூன்று நாளாம். அதெல்லாம் நடந்து ஒன்பது நாள் ஆகிவிட்டதாம். எல்லாம் முடித்து, சாம்பல் அள்ளிக் காடாற்றியும் விட்டார்களாம்.

"அண்ணைக்கு உடனை சொல்லாதை. வேலையாலை களைச்சு வருவான். சாப்பாட்டைக் குடுத்திட்டு ஆறுதலாச் சொல்லு" என்றா.

அதை அவ சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஆட்களிடம் இருக்கும் பழக்கம்தான் அது. சாவுச் சேதி காதில் விழுந்தால், குளித்து முழுகும் வரை அடுப்புப் பக்கம் போகக் கூடாது. அதற்குப் பிறகு முப்பத்தொரு நாளுக்குத் துடக்கு. விளக்கு இல்லை, கோயில் இல்லை, வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. ஆகவே சொல்ல வேண்டியவரைப் பட்டினியில் பிடித்துச் சொல்லிவிடக் கூடாது. அம்மா அதில் கெட்டிக்காரி. பெரியப்பா இறந்த சேதி வந்தபோது, அப்பா தோட்டத்தால் வந்து கை கழுவி, இரண்டாம் தரம் சோறு வாங்கி, மோரும் குடித்து முடிக்கும் வரை அம்மா முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. "அழுறதுக்கும் உடம்பிலை தெம்பு வேணும்" என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

அப்பாவின் சேதி வந்தபோது நான் அந்தக் கெட்டித்தனத்தைக் காட்டவில்லை. தொலைபேசியை வைத்ததும் கத்திவிட்டேன். அண்ணன் அப்போது சோற்றில் கை வைத்திருந்தார். குழைத்த சோறு கையில் ஒட்டியிருக்க அப்படியே எழும்பி நின்றார். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்தான். மூன்றாம் நாள் வேலைக்குப் போய் அடுப்படியில் மயங்கி விழுந்து, வலது கை சூட்டுத் தட்டில் பட்டுவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் இன்னும் பளபளவென்று சுருங்கித்தான் இருக்கிறது. அது என் வாயால் வந்த தழும்பு என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும்.

எனவே அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அண்ணனைச் சாப்பிட வைக்க வேண்டும். அழுவதைக் கூட அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். தலை முழுகினேன். முகத்துக்குப் பவுடர் போட்டேன். பிறகுதான் பிரிட்ஜுக்குள் இருந்த பறவை நினைவுக்கு வந்தது.

நேற்றுத் தின்றது தெரியாமல். அம்மா இறந்து எட்டாம் நாளில் விருந்து வைத்திருக்கிறோம். அதற்குப் பாவமில்லை என்று யாரும் சொல்லுவார்கள். இன்றைக்கு எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அண்ணனுக்கு இறைச்சி கொடுக்கலாமா? சோறு வடித்துப் பருப்பும் கத்தரிக்காயும் வைத்தேன். மரக்கறியோடு சாப்பிட்டுவிட்டார் என்றால் பழி இல்லை. வேறொரு யோசனையும் எனக்கு ஓடவில்லை.

மூன்று மணிக்கு அண்ணன் வந்தார். தடித்த வெள்ளைப் பாண் ஒன்றும், செலரி ஒரு கட்டும், கிரான்பெரிப் பழக்கூழ் அடைத்த ரின் ஒன்றும் கையில். தொப்பியைக் கழற்றியபோது தலைமயிர் படிந்து ஒட்டிக் கிடந்தது. என் தலையைப் பார்த்தார்.

"என்ன, முழுகினனியோ?"

"நேற்றையான் பொரிச்ச மணம் தலைக்குள்ளை. அதுதான்" என்றேன். "அண்ணை, சோறு இருக்கு. பருப்பும் வைச்சிருக்கிறன். கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

பானையைத் திறந்து பார்த்தார். ஒரு கணம் பருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சோறு கிடக்கட்டும். சொன்னது சொன்னதுதான். நீ சாப்பிட்டியோ?"

"இல்லை. நீங்கள் வரட்டுமெண்டு இருந்தன்."

"அப்ப இரு. அரை மணித்தியாலம்."

நான் மறித்திருக்கலாம். மறித்தால் ஏன் என்று கேட்பார். என் முகம் இன்னொரு கேள்வியைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். உருளைக்கிழங்கை எடுத்துவைத்துத் தோல் சீவத் தொடங்கினேன். கைக்கு வேலை கொடுத்தால் முகம் கொஞ்சம் அடங்கும்.

அண்ணன் எலும்பிலிருந்து இறைச்சியைக் கையால் உரித்து எடுத்தார். எலும்புகளை முறித்துப் பானையில் போட்டு, வெங்காயமும் செலரியும் சேர்த்துக் கொதிக்க விட்டார். நான் கருக்கிய மிளகாய்த்தூள் தோலை எறியாமல் ஒரு துண்டு அதற்குள்ளேயே போட்டார். வழக்கமாக என்றால் அதை வைத்தே அரை மணித்தியாலம் என்னைக் கடித்திருப்பார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வேலைக் களை என்று நினைத்தேன்.

தாச்சியில் பட்டரை உருக்கி, மாவைப் போட்டுக் கிளறினார். மா மெல்ல மண்ணிறத்துக்கு வந்தது. எலும்புத் தண்ணீரை வடித்து அகப்பை அகப்பையாக ஊற்றினார். ஊற்றக் கட்டிபடும், கிளறக் கரையும். தழும்பு விழுந்த கை சுற்றிச் சுற்றி வந்தது. நான் அந்தக் கையைப் பார்க்காமல் கிழங்கை மசித்தேன். கிறேவி பளபளத்துக் கரண்டியின் முதுகில் ஒட்டத் தொடங்கியதும் இறைச்சியை அதற்குள் போட்டார். தும்பாக இருந்த இறைச்சி கிறேவியைக் குடித்து இளகியது.

"இதுதான் விசயம். காய்ஞ்சதைத் திரும்பச் சூடாக்கக் கூடாது. நனைக்க வேணும்" என்றார். குரல் கம்மியிருந்தது. அடுப்பு ஆவி என்று சொல்லி இருமினார்.

பாணை லேசாக வாட்டி, தட்டுக்கு ஒன்றாகப் போட்டார். மேலே இறைச்சி. அதன்மேல் கிறேவி. பக்கத்தில் கிழங்கு, பச்சைப் பட்டாணி, ரின்னிலிருந்து வழுக்கி விழுந்த சிவப்புக் கிரான்பெரி. கடையில் வைப்பது போல முள்ளுக்கரண்டியும் கத்தியும் வைத்து, பேப்பர் துவாலையையும் மடித்து வைத்தார். கையால் தொடாமல் தின்னலாம் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சின்னப் புத்திதான். ஆனால் அந்த நேரத்தில் வேறு எதைப் பிடித்துக்கொள்வது?

நான் வெட்டி வாயில் வைத்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ருசியாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மிச்சம் எழுதியதெல்லாம் பொய். பாண் அடியில் ஊறி, மேலே இறைச்சி வெண்ணெயாகி, என் மிளகாய்த்தூள் கிறேவிக்குள் எங்கேயோ மெல்ல உறைத்தது. அம்மா சாம்பலாகி ஒன்பது நாள். நாக்குக்கு அது தெரியவில்லை. தண்ணீர் குடித்து விழுங்கினேன்.

"எப்பிடி?"

"பரவாயில்லை. உங்களுக்கு வெள்ளைக்காரன் சம்பளம் தாறது நியாயம்தான்" என்றேன்.

சிரித்தார். அவரும் வெட்டி வாயில் வைத்தார். நான் அவருடைய கத்தி வெட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வாய், இரண்டு வாய். பாதி முடிந்தது. அவர் தட்டிலிருந்து ஒரு துண்டு இறைச்சியை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் அடுப்பிலிருந்து தாச்சியைக் கொண்டுவந்து அவருக்குக் கிறேவி ஊற்றினேன். இன்னொரு பாண் எடு என்றார். நீங்கள் எடுத்தால் எடுக்கிறேன் என்றேன். எடுத்தார். நானும் எடுத்தேன். ஒருவரை ஒருவர் இவ்வளவு உபசரித்து நாங்கள் அதற்கு முன் சாப்பிட்டதில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வயிற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தவளுக்கு முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டு தட்டும் காலியாயின. வெளியே நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. நான் தட்டுகளை எடுத்துத் தொட்டிக்குள் வைத்தேன். குழாயைத் திறந்தேன். இரண்டு தட்டையும் கழுவிவிட்டுத் திரும்பிச் சொல்வது என்று முடிவெடுத்தேன். முதலாம் தட்டைக் கழுவினேன்.

"பிள்ளை," என்றார் பின்னால். "வயிறு நிறைஞ்சுதோ?"

"ஓம்."

"அப்ப தட்டை வைச்சிட்டு இங்கை வந்து இரு. உனக்கு ஒண்டு சொல்ல வேணும்."

திரும்பினேன். எனக்காக ஒரு கதிரையை இழுத்துத் தனக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இரண்டு கைகளும் மேசைமேல் இருந்தன. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு அந்தக் கைகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அண்ணை, அம்மாவோ?" என்றேன்.

அவர் வாய் திறந்தபடி நின்றது.

"உனக்கு ஆர் சொன்னது?"

"மொன்றியல் அக்கா. பதினொரு மணிக்கு. உங்களுக்கு?"

"லண்டன் மச்சான். விடிய அஞ்சு மணிக்கு. நீ நல்ல நித்திரை." பிறகு, "நான் பெல்லை நிப்பாட்டிப்போட்டெல்லோ போனனான்" என்றார்.

"நான் போட்டிட்டன்."

இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்தோம். கழுவாத தட்டில் கிறேவி கொழுப்புப் படிந்து உறைந்துகொண்டிருந்தது.

"தெரிஞ்சுகொண்டே சாப்பிட்டனியோ?" என்றார்.

"நீங்களும்தானே."

எனக்கு முதலில் வந்தது கோபம். ஐந்து மணிக்குக் கேட்டுவிட்டு, தலை முழுகிவிட்டு, எனக்கு ஒரு சொல் சொல்லாமல் போய், எட்டு மணித்தியாலம் நின்று ஊராருக்கு முட்டை பொரித்திருக்கிறார். பாண் வாங்கியிருக்கிறார். கிரான்பெரி ரின் தேடி எடுத்திருக்கிறார். ஏன் என்னை எழுப்பவில்லை என்று கத்தினேன். பருப்பும் சோறும் இருந்ததே, அதைத் தின்றிருக்கலாமே என்று மேசையில் அடித்தேன்.

"பருப்பைக் கேட்டா நீ கண்டுபிடிச்சிடுவாய் எண்டு நினைச்சன்" என்றார். "அதோடை, இனி ஒரு மாதம் உனக்கு மச்சமில்லை. ராத்திரி எவ்வளவு ஆசையாக் கேட்டுக்கொண்டிருந்தனி. எனக்குத் தெரியாதோ?"

அப்படிச் சொல்லிவிட்டு முகத்தைக் கைகளில் புதைத்தார். உடனேயே கைகளை எடுத்துவிட்டார். விரல்களில் இறைச்சி மணம். எழும்பிப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கழுவினார், மணந்து பார்த்தார், திரும்பவும் கழுவினார். குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது. அண்ணன் தொட்டியைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று அழுதார். நாற்பது வயதை நெருங்கிய ஆம்பிளை அப்படி அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் போய் அவர் முதுகில் நெற்றியை வைத்து நின்றேன். அழுவதற்கு இரண்டு பேருக்கும் தெம்பு இருந்தது. அம்மா சொன்னது சரிதான்.

பிறகு தாச்சியை என்ன செய்வதென்று தெரியவில்லை. கிறேவியும் இறைச்சியும் இன்னும் நாலு பேருக்குக் காணும். எறிய மனம் வரவில்லை. அண்ணன் முகம் கழுவிக்கொண்டு போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே தனியாக இருந்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் வந்தார். இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் அண்ணன். ஏன், உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று அந்தப் பெண் கேட்டது எங்கள் வாசல் வரை கேட்டது.

"இல்லை, நல்லாயிருக்கு. மிகவும் நல்லாயிருக்கு" என்று அண்ணன் தன் ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னார். அம்மா இறந்துவிட்டார் என்று அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் இன்னும் சாப்பிடவில்லை என்று அண்ணன் நினைத்திருப்பாரோ என்னவோ.

மிச்சமிருந்த நாட்களுக்குத் துடக்குக் காத்தோம். முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து கிரியை செய்தார். துடக்குச் சமயத்தில் மச்சம் ஏதும் புழங்கியதோ என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போமோ தெரியாது. அக்காவுக்குக் கடிதம் எழுதியபோதும் அதை எழுதவில்லை. அக்கா அம்மாவைக் கடைசிவரை பார்த்தவ. நாங்கள் என்ன தின்றோம் என்பதை அவவுக்குச் சொல்லும் தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை.

அண்ணன் பிறகு கலியாணம் கட்டி, கொஞ்சக் காலம் ரூஜ் பகுதியில் குடியிருந்து, இப்போது மார்க்கம் நகரில் வீடு வாங்கியிருக்கிறார். வான்கோழி அந்த வீட்டிலும் கிறிஸ்மஸுக்கு வரும், அவர் பிள்ளைகள், என் மருமக்கள், கேட்பார்கள். மறுநாள் மிச்சத்துக்குக் கறித்தூள் போட்டுப் பிரட்டுவார்கள். ஹொட் ரேர்க்கி சான்ட்விச் அண்ணன் அதற்குப் பிறகு ஒரு நாளும் வீட்டில் செய்ததில்லை. நானும் கேட்டதில்லை.

வாரத்தில் இரண்டு தரமாவது போன் எடுப்பார். எல்லோரும் கேட்பது போலத்தான் அவரும் தொடங்குவார். "சாப்பிட்டியோ பிள்ளை?" வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இருந்தாலும் இல்லை, இனித்தான் என்று சொல்லிவிடுவேன். நான் சாப்பிடாமல் இருக்கும் வரை அண்ணன் எனக்கு ஒன்றும் சொல்லமாட்டார்.